ஒத்தைத் தலைவலிக்கு எந்த மாத்திரை?

(ராயபுரத்தில் பொதுமக்களிடம் ஒரு மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

“டாக்டர், ஒத்தைத் தலைவலி வராமலே இருக்க, இருக்கிறதிலேயே நல்ல மாத்திரையா எழுதிக் குடுங்க.” இப்படிக் கேட்காதவர்கள் குறைவு. நியாயமான ஆசைதான். ஆனால் தடுப்பு மாத்திரைகளில் எல்லாருக்கும் முதலிடம் என்று ஒன்று கிடையாது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்கிற மருத்துவர் சங்கம் 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், விலை உயர்ந்த புது ஊசிகளுக்கு ஓடாமல் பழைய, மலிவான மாத்திரைகளில் தொடங்கத்தான் சொல்கிறது. அதனால் மாத்திரைக்கு முன்னால் ஆளைப் பார்க்க வேண்டும்.

காசிமேட்டில் மீன் எடுக்க விடியற்காலை 3 மணிக்கு எழுந்திருக்கிற அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டாலே அவருக்கு மண்டை இடி. ராத்திரி அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் போட்டால் தூக்கமும் வரும், நாளடைவில் தலைவலியும் குறையும். ஆனால் 11 மணிக்குப் போட்டால் 3 மணிக்குக் கண் திறக்காது. பொழுது சாய்ந்ததுமே போட்டுவிட வேண்டும். வாய் வறளும், எடை கூடலாம். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

எண்ணூரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிற தம்பிக்கு அமிட்ரிப்டிலினையோ, அதுபோலவே தூக்கம் தருகிற ஃப்ளுனாரிசினையோ எழுத எனக்கு மனம் வராது. அவருக்குப் புரோப்ரனலால் பொருந்தலாம். “வீசிங், ஆஸ்துமா உண்டா?” என்று கேட்காமல் அதைத் தொடக்கூடாது. உண்டென்றால் வேண்டவே வேண்டாம். ஒத்துக்கொண்டாலும் திடீரென்று நிறுத்தக்கூடாது.

டோபிராமேட் என்று இன்னொரு தடுப்பு மாத்திரை. அதில் எடை கூடாது, குறையும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், சிலருக்குப் பேசும்போது வார்த்தை சிக்காது. முக்கியமானது வேறு: இதுவும் வால்ப்ரோயேட் என்கிற தடுப்பு மாத்திரையும் கருவில் இருக்கிற குழந்தைக்குக் குறை உண்டாக்கக்கூடியவை. கல்யாணமாகாத பெண்ணிடம் இதை எப்படிப் பேசுவது என்று சில வீடுகளில் தயங்குகிறார்கள். தயவுசெய்து தயங்காதீர்கள், பேசியே ஆக வேண்டும்.

“ஒரு வாரம் போட்டேன், கேக்கல” என்று நிறுத்திவிடுகிறார்கள். இவை வலி மாத்திரை அல்ல. கொஞ்சமாக ஆரம்பித்து, மெல்ல ஏற்றி, சரியான அளவில் 2 மாதமாவது பார்க்க வேண்டும். மாதம் 10 நாள் வந்தது 5 நாளானால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மெடிக்கலில் வாங்கிப் போடுகிற வலி மாத்திரைக்கும் கணக்கு உண்டு. பாராசிட்டமாலே ஆனாலும் மாதம் 15 நாளுக்குக் குறையாமல் 3 மாதத்துக்கு மேல் போட்டால், அந்த மாத்திரையாலேயே தலைவலி வரும். மாதக் காலண்டரில் வலி வந்த நாளுக்கு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்குப் பெருக்கல் குறி போட்டு, டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள்.