முன்னேர் போன வழி

அன்பான உறவுகளே,

மாடு களவு போன வீட்டின் நிலைமையை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர் அம்மா ஒருவரோடு பொலிஸ் நிலையத்துக்கு முறைப்பாடு கொடுக்கப் போனேன். கன்று போட்டு இருபது நாளான கறவை மாடு. காலை எட்டு மணிக்கு வாங்கில் இருந்தோம். உள்ளே பொறுப்பதிகாரி ஒரு கான்ஸ்டபிளை எல்லோருக்கும் கேட்கத் திட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் அதே கான்ஸ்டபிள் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை நீட்டி, "கையெழுத்து" என்றார். "என்ன தம்பி எழுதியிருக்கு?" என்று அம்மா கேட்டதும் எரிந்து விழுந்தார். வாங்கிய ஏச்சை அப்படியே எங்களிடம் இறக்கிவிட்டார்.

தமிழ் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. சரி, அந்த எழுத்தை முன்மேசை வரைக்கும் கொண்டுவருவது யார்? பொறுப்பதிகாரிதான்.

அடுத்த வருடம் புதியவர் வந்தார். காலையில் தானே வந்து முறைப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார். தமிழ் எழுதத் தெரிந்தவரை முன்னால் இருத்தினார். வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. நீர் இறைக்கும் மோட்டர் களவு போய் நாங்கள் திரும்பப் போனபோது அந்தப் பழைய கான்ஸ்டபிள்தான் எழும்பிக் கதிரை போட்டார். அவருக்கு ஊர் மாத்தறைப் பக்கம். "இப்ப லீவு கேட்டா கிடைக்குது அம்மா. பிள்ளையைப் பார்த்திட்டு வந்தன்" என்றார், அரைகுறைத் தமிழில். அவரும் ஒரு தகப்பன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

முன்னேர் போன வழியேதான் பின்னேர் போகும். உச்சியிலும் அப்படித்தான். 2023 டிசம்பரில், சித்திரவதை வழக்கொன்றில் மூத்த பொலிஸ் அதிகாரி தேசபந்து தென்னக்கோன் அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டே மாதத்தில் அவரைப் பொலிஸ் மா அதிபர் ஆக்கினார்கள். 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் ஒரு சாதாரண கான்ஸ்டபிள் அதிலிருந்து என்ன பாடம் படித்திருப்பார்? எனக்கு அதுதான் பெரிய கவலை.

நல்ல பொறுப்பதிகாரி வந்தால், அடுத்த இடமாற்றத்தோடு எல்லாம் போய்விடும் என்று சும்மா இருக்காதீர்கள். பொலிசும் ஊராரும் கூடுகிற சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள்: முன்மேசையில் தமிழ் எழுதுகிறவர் இரவிலும் இருக்கிறாரா?

அம்மாவின் மாடு கிடைக்கவில்லை. ஆனால் போன மாதம் வேலித் தகராறு ஒன்றுக்கு அவர் பொலிசுக்குத் தனியாகவே போய்வந்திருக்கிறார். வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்.