ஐஸ்லாந்தில் ஒருவர் வாசிக்க ஊரே கேட்ட மாலைகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஐஸ்லாந்து என்றவுடன் எரிமலை, பனிப்பாறை, வெந்நீர் ஊற்று என்று மூன்றைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவது நம் வழக்கம். சற்றுக் கூடுதலாகப் படித்தவர்கள், அந்நாட்டார் பெரும் புத்தகப் பிரியர்கள் என்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அங்கே பெரும்பாலோருக்கு எழுத்து வாசிக்கத் தெரிந்திருந்தது என்பார்கள். அத்தனை சிறிய நாட்டிலிருந்து ஹால்டோர் லாக்ஸ்னெஸ் 1955இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றதை எடுத்துக்காட்டுவார்கள். இவையெல்லாம் உண்மைதான். ஆனால், அந்த மக்களில் பெரும்பாலோர் புத்தகத்தைக் கண்ணால் அறிந்ததைவிடக் காதால் அறிந்ததே அதிகம் என்பதும், அந்தக் கேட்கும் பழக்கத்தைத் தாங்கி நின்றது இலக்கிய ஆர்வம் மட்டுமன்று, ஆட்டுரோம வேலையும்தான் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அதைத்தான்.

முதலில் அந்த நாட்டு மக்கள் வாழ்ந்த முறையைச் சொல்லியாக வேண்டும். 1901இல் ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகை சுமார் 78 ஆயிரம். அவர்களில் பெரும்பாலோர் தனித்தனிப் பண்ணைகளில் வாழ்ந்தார்கள். வீடுகள் நெருங்கி நிற்கும் தெரு, கோயில், சந்தை என்று நாம் அறிந்த கிராமம் கடற்கரையை விட்டு உள்ளே போனால் எங்கும் கிடையாது. ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவே ஆறோ, எரிமலைக் குழம்பு உறைந்த பாறை வெளியோ கிடக்கும். டிசம்பர் இறுதியில் தலைநகர் ரேக்யவிக்கில் பகல் வெளிச்சம் நாலு மணி நேரம்தான். வடக்கே போகப் போக அதுவும் குறையும்.

வீடு கட்ட மரம் இல்லை. கடல் ஒதுக்கித் தள்ளிய கட்டைகளையும் விலை கொடுத்து இறக்குமதி செய்த பலகைகளையும் சிக்கனமாகப் பயன்படுத்தி, சுவரைக் கல்லாலும் புல்வேர் பின்னிய மண்கட்டியாலும் எழுப்பி, கூரை மேலும் அதே மண்கட்டியைப் போர்த்தினார்கள். அந்த வீட்டின் உள்ளே ஆழத்தில் பாத்ஸ்தோவா என்ற நீண்ட அறை இருந்தது. இருபுறமும் சுவரோரமாகக் கட்டில்கள், நடுவே ஒரு நடைவழி. அந்தக் கட்டில்தான் படுக்கை, நாற்காலி, சாப்பாட்டு மேசை, வேலை செய்யும் இடம் எல்லாம். விறகு கிடைக்காததால் அந்த அறையில் பெரும்பாலும் அடுப்பு இருக்காது. காய்ந்த ஆட்டுச் சாணமும் சதுப்பு மண்கட்டியும் சமையலறையில் மட்டும் எரிந்தன. அறையைச் சூடாக வைத்தது மனித உடல்தான். சில பகுதிகளில் பாத்ஸ்தோவாவை மாட்டுக் கொட்டிலுக்கு மேலேயே அமைத்து, பசுக்களின் உடல் வெப்பத்தையும் வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் அஸ்குர் எனப்படும் மூடி போட்ட மரப்பாத்திரம் ஒன்று உண்டு. அவரவர் பங்கை அதில் வாங்கி, கட்டிலில் அமர்ந்து மடியில் வைத்து உண்டார்கள். இத்தகைய வீடுகளை ஏதோ பழங்காலத்துப் பொருளாக எண்ண வேண்டாம். இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கிளாம்பயர் என்ற, ஐஸ்லாந்தின் வடபகுதியில் உள்ள மண்வீட்டில் 1947 வரை ஆட்கள் குடியிருந்தார்கள்.

அந்த அறையில் இருந்தவர்கள் யார் என்பதும் முக்கியம். பண்ணைக்காரர், அவர் மனைவி, மக்கள் மட்டும் அல்லர். நிலமில்லாதவர் எவரும் ஏதாவதொரு பண்ணையில் ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலைக்காரராக இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியது. அந்தக் கட்டு பெருமளவு தளர்ந்தது 1894இல்தான். ஆகவே கூலியாட்கள், வயதான உறவினர், வட்டார நிர்வாகம் அந்த வீட்டில் ஒப்படைத்த ஆதரவற்றவர் என எல்லாருமே ஒரே கூரையின் கீழ், பல நேரம் ஒரு கட்டிலுக்கு இருவராக இருந்தார்கள். குடும்பம் கூடிக் கதை கேட்டது என்று சுற்றுலா ஏடுகள் எழுதுவதைப் படிக்கும்போது இந்தக் கூலியாட்களையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி மாலைக்கு வருவோம். குளிர்காலத்தில் வெளிச்சம் மங்கியதும் எல்லாரும் சற்று நேரம் படுத்துறங்குவார்கள். விளக்கில் எரிக்கும் எண்ணெய் மிச்சமாகும் என்பதே அதற்குக் காரணம். பிறகு யாரோ ஒருவர் எழுந்து விளக்கேற்றுவார். சுறா அல்லது மீன் ஈரலில் எடுத்த எண்ணெய், சதுப்பில் வளரும் பஞ்சுப்புல்லில் திரித்த திரி. மண்ணெண்ணெய் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. விளக்கேற்றியதிலிருந்து படுக்கப் போகும்வரை உள்ள நேரத்துக்கு குவோல்ட்வாகா என்று பெயர். அந்த நேரம் முழுவதும் எல்லாக் கைகளும் ஆட்டுரோமத்தில் இருக்கும். ஒருவர் ரோமத்தை வாருவார், ஒருவர் நூற்பார், மற்றவர்கள் பின்னுவார்கள். ஆண்களும் பின்னினார்கள், குழந்தைகளும் பின்னினார்கள். அந்தக் காலுறைகளும் கையுறைகளும் வீட்டார் உடுத்துவதற்கு மட்டுமல்ல; வணிகரிடம் கொடுத்து மாவும் பிற சாமான்களும் வாங்குவதற்கான சரக்கு அது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில், கடனை அடைக்க வேண்டிய நெருக்கடியில், தூங்கி வழிபவர்களின் இமை மூடாதிருக்கச் சிறு குச்சிகளை வைத்தார்கள் என்று ஒரு செய்தி பரம்பரையாகச் சொல்லப்படுகிறது. அது எந்த அளவுக்கு நடந்ததோ, வேலையின் கடுமை அதில் தெரிகிறது.

இத்தனை கைகளும் வேலையில் இருக்க, ஒரே ஒருவருக்கு மட்டும் கைவேலையிலிருந்து விலக்கு. அவர்தான் வாசிப்பவர். விளக்குக்கு மிக அருகில் அவருக்கு இடம். மற்றவர்களுக்கு மங்கல் வெளிச்சம் போதும், ஏனென்றால் பின்னுவதற்குக் கண் தேவையில்லை, பழகிய விரல் போதும். வெளிச்சம் ஒருவருக்கு, குரல் எல்லாருக்கும் என்ற இந்த ஏற்பாட்டில் ஒரு பொருளாதாரக் கணக்கு இருக்கிறது. ஒருவருடைய உழைப்பை விட்டுக்கொடுத்து, மற்ற எல்லாரையும் தூங்காமல் வேலை செய்ய வைத்தார்கள். பண்ணைக்காரருக்கு நட்டமில்லாத பேரம் இது. இப்படிச் சொல்வதால் அந்த இலக்கியத்தின் மதிப்பு குறைந்துவிடாது. உழைப்பும் இலக்கியமும் ஒன்றையொன்று தாங்கி நின்றதால்தான் அந்தப் பழக்கம் நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது என்பதே என் கருத்து.

எதை வாசித்தார்கள்? பழைய வீரக்கதைகளை, அதாவது சாகாக்களை வாசித்தார்கள். அச்சகம் நெடுங்காலம் திருச்சபையின் கையில் இருந்ததால், கதைகளைக் கையால் பிரதி எடுத்து, ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்கு இரவல் அனுப்பினார்கள். இந்தப் பிரதி எடுக்கும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரையிலும் தொடர்ந்தது. அதைவிட விரும்பிக் கேட்கப்பட்டது ரீமூர். நீண்ட கதையை எதுகை, மோனை, யாப்புக் கட்டுகளோடு செய்யுளாக்கி, இசைக்கும் பேச்சுக்கும் நடுவிலான ஒரு ராகத்தில் ஓதுவது. நன்றாக ஓதத் தெரிந்தவர்கள் பண்ணை பண்ணையாகப் போய், சோற்றுக்கும் படுக்கைக்கும் ஈடாகச் சில இரவுகள் ஓதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள்.

மேலிடத்தில் இதற்கு நல்ல பெயர் இல்லை. 1746இல், அப்போது ஐஸ்லாந்தை ஆண்ட டென்மார்க் அரசின் பெயரால் வந்த குடும்ப ஒழுக்க ஆணை, பயனற்ற கதைகளையும் ரீமூரையும் வீட்டில் ஓதக் கூடாது என்றது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1837இல் கவிஞர் யோனாஸ் ஹால்கிரிம்சன், ரீமூர் என்பது சுவை கெட்ட செய்யுள் என்று கடுமையாக விமர்சித்தார். படித்தவர்கள் நடுவே ரீமூரின் மதிப்பு அதனால் வெகுவாகச் சரிந்தது. தாளில் வைத்துப் படிப்பவருக்கு யோனாஸ் சொன்னது சரி. அந்த அறையில் உட்கார்ந்து பின்னுகிறவருக்கு அது பாதி சரி. அலுக்காமல் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சந்தம் விரலுக்கு வேகம் கொடுத்தது என்பதை ஒரு விமர்சகர் கணக்கில் கொள்ளாதது வியப்பில்லை.

மாலையின் முடிவில் இறைவாசகம். யோன் வீதாலின் என்ற பிஷப்பின் பிரசங்கத் தொகுப்பு ஏறத்தாழ எல்லா வீட்டிலும் இருந்தது. தவக்காலம் வந்தால் ஹால்கிரீமுர் பியெதுர்சன் என்ற போதகர் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிப் பாடிய 50 பாடல்களை நாளுக்கு ஒன்றாகப் பாடினார்கள். அவை 1666இல் அச்சானவை. இந்தப் பாடல்களைச் சற்று நினைவில் வையுங்கள்.

20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது இந்த ஏற்பாடு குலைந்தது. இயந்திரப் படகும் இழுவலைக் கப்பலும் வந்தன, மீன் பதனிடும் வேலை கடற்கரையில் பெருகியது, இளையவர்கள் பண்ணையை விட்டு இறங்கினார்கள். 1901இல் 7 ஆயிரத்தைத் தொடாத ரேக்யவிக், 1940இல் 38 ஆயிரம் பேர் வாழும் நகரமாயிற்று. நகரத்து வீட்டில் தனித்தனி அறைகள், மின்விளக்கு, கடையில் வாங்கிய துணி. ஒரே விளக்கின் கீழ் எல்லாரும் உட்கார வேண்டிய தேவையே போய்விட்டது. 1929இல் ரேக்யவிக்கில் இதுன் என்ற பெயரில் ரீமூர் ஓதுவோர் சங்கம் தொடங்கியதே இதற்குச் சான்று. வீட்டில் தானாக நடந்துகொண்டிருக்கும் ஒன்றைக் காக்க யாரும் சங்கம் வைப்பதில்லை. 1935, 1936ஆம் ஆண்டுகளில் அவர்கள் முதியவர்களின் குரலை இசைத்தட்டில் பதிவு செய்து வைத்தார்கள். இன்று நாம் அந்த ராகத்தை அறிய முடிவதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அதே நேரத்தில்தான், 1930 டிசம்பர் 20 அன்று, அரசு வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. வாசிப்பவரின் இடத்தை அது வந்து பிடித்துக்கொண்டது என்று நான் சொன்னால் மிகையாகாது. மின்சாரம் எட்டாத பண்ணைகளில் பேட்டரியில் ஓடிய பெட்டியைச் சுற்றி வீட்டார் மறுபடி ஒன்றுகூடினார்கள். வானொலியில் தொடர்கதையை வாரம் தவறாமல் வாசித்தார்கள். குவோல்ட்வாகா என்ற அதே பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி பல பத்தாண்டுகள் நடந்தது. பழங்கதை, பாட்டு, ரீமூர் எல்லாம் அதில் உண்டு. 1944 முதல் தவக்காலத்தில் அந்த 50 பாடல்களையும் வானொலியில் வாசித்து வருகிறார்கள். மீனவர்களுக்கு வானிலை அறிக்கை, கடலில் இருப்பவர்கள் விரும்பிக் கேட்கும் பாடல்கள், இறந்தவர்களின் பெயரும் அடக்க நாளும் சொல்லும் அறிவிப்பு, இவை எல்லாம் சேர்ந்து வந்தன. மரண அறிவிப்பு வரும்போது வீட்டில் பேச்சு நின்றுவிடும். சிறிய நாடு, வாசிக்கப்படும் பெயர் தூரத்து உறவாகவோ, ஒரு பருவம் உடன் மீன்பிடித்தவராகவோ இருக்கக்கூடும்.

கேட்பதற்கு இன்னொரு வழியும் இருந்தது, அரசு ஏற்பாடு செய்யாதது. கிராமப்புறத் தொலைபேசியில் ஒரே கம்பியில் பல பண்ணைகள் இணைந்திருந்தன. ஒவ்வொரு பண்ணைக்கும் தனி மணி: ஒன்றுக்கு நீளம் ஒன்று, குட்டை இரண்டு, மற்றொன்றுக்குக் குட்டை இரண்டு, நீளம் ஒன்று. மணி அடித்தால் யாருக்கு அழைப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். தொலைபேசியை மெல்ல எடுத்துப் பிறர் பேச்சைக் கேட்பது குற்றமாகக் கருதப்படவில்லை, அதைப் பற்றிப் பேசுவதுதான் நாகரிகமில்லை. கேட்பவர் கூடக்கூடக் குரல் மெலியும் என்பதால், பேசுகிறவருக்கும் கூட்டம் சேர்ந்துவிட்டது தெரிந்துவிடும். இப்படிப்பட்ட கம்பிகள் 1980களிலும் சில இடங்களில் இருந்தன.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். கெப்லவிக்கில் இருந்த அமெரிக்கப் படைத்தளம் 1955 முதல் தன் வீரர்களுக்காக ஒளிபரப்பியதை, அக்கம்பக்கத்து வீடுகளும் ரேக்யவிக்கும் பார்க்கத் தொடங்கின. அந்நிய மொழி மாலையைப் பிடித்துக்கொள்கிறது என்று அஞ்சி, 1964இல் அறிஞர்கள், எழுத்தாளர்கள் உள்ளிட்ட 60 பேர், அந்த ஒளிபரப்பைத் தளத்துக்குள் அடக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பித்தார்கள். 1966 செப்டம்பர் 30இல் சொந்தத் தொலைக்காட்சி தொடங்கியது. அதில் வியாழக்கிழமை ஒளிபரப்பு கிடையாது. ஜூலை மாதம் முழுக்கக் கிடையாது. பணியாளருக்கு ஓய்வு வேண்டும், பணம் குறைவு என்பவை காரணங்கள். ஆயினும் மக்கள் அந்த வியாழனைத் தங்களுக்குரியதாக்கிக்கொண்டார்கள். சேர்ந்து பாடும் குழுக்களின் பயிற்சி, சங்கக் கூட்டம், விருந்தினர் வருகை, வானொலி எல்லாம் அன்றைக்கு. அந்நாட்டில் குழந்தைகள் பெரும்பாலும் வியாழக்கிழமைகளின் விளைவு என்ற கேலியையும் இன்றுவரை சொல்கிறார்கள்.

இந்தக் கேட்கும் நாட்டில் ஒரு நாள் ஏறக்குறைய எல்லாம் நின்றது. 1975 அக்டோபர் 24 அன்று, தங்கள் உழைப்பு எவ்வளவு என்று காட்டுவதற்காக, ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் வீட்டு வேலையையும் வெளி வேலையையும் விட்டு வெளியே வந்தார்கள்; ரேக்யவிக்கில் மட்டும் சுமார் 25 ஆயிரம் பேர் திரண்டார்கள். தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தவர்கள் பெண்கள், ஆகவே அழைப்புகள் முடங்கின. அச்சுக் கோப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஆகவே செய்தித்தாள்கள் தடுமாறின. பிள்ளைகளைத் தகப்பன்மார் வேலைக்கு அழைத்துச் சென்றதால், வானொலியில் செய்தி வாசிக்கும்போது பின்னால் குழந்தைகளின் சத்தம் கேட்டது என்பதை அந்நாளைக் கண்டவர்கள் சொல்கிறார்கள். இந்த உழைப்பு பழைய பாத்ஸ்தோவாவிலும் இருந்தது: நனைந்து வந்த ஆண்களின் காலணியையும் காலுறையையும் கழற்றி, உலர்த்தி, தைத்துக் கொடுத்தவர்கள் பெண்கள். அதற்குமேல் தங்கள் பங்குக்கு நூற்றும் பின்னியும் முடித்தார்கள். விளக்கருகே அமர்ந்து வாசித்தவர் யார் என்று மட்டும் நாம் கேட்டுக்கொண்டிருந்தால், இந்தப் பாதி வரலாறு விடுபட்டுப்போகும்.

அந்தப் பொது மாலை முடிந்த விதம் மிகச் சாதாரணமானது. 1984 அக்டோபரில் அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தால் வானொலி மௌனமானபோது, அனுமதியின்றித் தனியார் நிலையங்கள் ஒலிபரப்பத் தொடங்கின. 1986இல் தனியாருக்குச் சட்டமே இடம் கொடுத்தது. அவ்வாண்டே தனியார் தொலைக்காட்சி வந்து, வியாழக்கிழமையிலும் ஒளிபரப்பியது. போட்டியைச் சமாளிக்க 1987 அக்டோபர் 1 முதல் அரசுத் தொலைக்காட்சியும் வியாழனை எடுத்துக்கொண்டது. ஜூலை விடுமுறை அதற்குமுன் 1983லேயே முடிந்துவிட்டிருந்தது. ஆயினும் தவக்காலப் பாடல்கள் வானொலியில் இன்றும் தொடர்கின்றன.