14 கிலோமீட்டர் ஓடைக்கு ஏன் இத்தனை சண்டை?

(காட்சி: ஆற்றோரம் நிற்கும் உயரமான சாரம். மேலே ஒருவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.)

இவருடைய வேலை மீன் எண்ணுவது. ஒவ்வொரு மணி நேரமும் பத்து நிமிடம், ஆற்றை எதிர்த்து மேலே போகும் மீன்களைக் கருவியில் தட்டித் தட்டி எண்ணுவார். அதை ஆறால் பெருக்கினால் அந்த ஒரு மணி நேரத்தின் கணக்கு வந்துவிடும். முட்டையிடப் போதுமான மீன் மேலே போகிறதா என்று பார்த்துத்தான், கீழே படகுக்காரர்கள் எவ்வளவு நேரம் வலை போடலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

இடம்: அலாஸ்காவின் தென்மேற்கில் உள்ள பிரிஸ்டல் வளைகுடா. மீன்: சாக்கை சால்மன். நம் ஊர்க் கடைகளில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கிறார்களே, அது காலா மீன். இதற்கும் அதற்கும் உறவே கிடையாது. உலகத்துச் சாக்கையில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு வளைகுடாவுக்குத்தான் வருகிறது. 2022-இல் வந்தவை சுமார் 7 கோடியே 90 லட்சம். ஒன்றுகூடப் பண்ணையில் பொரித்துவிட்ட குஞ்சு இல்லை. எல்லாம் தானாகப் பிறந்து, கடலுக்குப் போய், பிறந்த ஓடைக்கே திரும்பி வந்து முட்டையிட்டுச் சாகிறவை.

(காட்சி: வரைபடம். இரண்டு ஆறுகள் தொடங்கும் மேட்டில் ஒரு சிவப்புப் புள்ளி.)

அந்தப் புள்ளிதான் பெப்பிள். 1980களின் கடைசியில் இங்கே பெரிய தாமிரப் படிவு இருப்பது தெரிந்தது. கூடவே தங்கமும், மாலிப்டினம் என்ற உலோகமும். 2001-இல் நார்தர்ன் டைனஸ்டி என்ற கனடா நிறுவனத்தின் கைக்கு வந்தது. சிக்கல் என்னவென்றால், படிவு இருப்பது நுஷகாக், க்விஜாக் என்ற இரண்டு பெரிய சால்மன் ஆறுகளின் தலைமாட்டில்.

தாமிரம் என்றால் கட்டி கட்டியாக வெட்டி எடுப்பது இல்லை. ஒரு டன் பாறையை உடைத்தால் கிடைப்பது சுமார் 4 கிலோ. மீதி முழுவதும் மாவாக அரைபட்டு, தண்ணீரோடு கலந்து, அணைக்குப் பின்னால் தேங்கும் சேறு. இந்தப் பாறையில் கந்தகம் இருக்கிறது. காற்றும் தண்ணீரும் பட்டால் அமிலமாகி, மிச்சமிருக்கும் தாமிரத்தைக் கரைத்து இழுத்துக்கொண்டு போகும். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் தாமிரம் கூடினாலே சால்மனின் மோப்பம் மழுங்கிவிடும். ஊர் திரும்ப அதற்கு இருக்கும் வழிகாட்டியே மூக்குதான்.

அணை உடையாதா? 2014 ஆகஸ்டில், பக்கத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மவுன்ட் பாலி சுரங்கத்தில் உடைந்தது. சேறும் நீருமாக சுமார் 2 கோடியே 50 லட்சம் கன மீட்டர் வெளியேறியது. அதுவும் நவீனச் சுரங்கம்தான்.

சரி, நிறுவனம் என்ன சொன்னது? 2020-இல் வைத்த திட்டம் 20 வருடத்துக்கானது. அதில் நேரடியாக அழிவது சால்மன் வந்துபோகும் ஓடைகளில் 14 கிலோமீட்டருக்கும் குறைவு. இவ்வளவு பெரிய ஆற்றுப்படுகையில் இது எந்த மூலைக்கு என்பது அவர்கள் வாதம். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

(காட்சி: தாண்டிக் குதித்துவிடக்கூடிய ஒரு சிற்றோடை. உள்ளே சிவந்த மீன்கள்.)

இங்கேதான் கவனிக்க வேண்டும். சாக்கை என்பது ஒரே கூட்டம் இல்லை. ஏரிக்கரையில் முட்டையிடுவது ஒன்று, பேராற்றில் இன்னொன்று, இதுபோல முழங்கால் தண்ணீரில் வேறொன்று என்று நூற்றுக்கணக்கான தனிக் கூட்டங்கள். ஒன்றுக்கு ஆகாத வருடம் இன்னொன்றுக்கு ஆகும். நெல்லோடு கம்பு, கேழ்வரகு, உளுந்து என்று போட்டு வைத்திருக்கும் குடும்பம் ஒரு மழை பொய்த்தால் முழுசாகப் படுத்துவிடாது இல்லையா, அதே கணக்கு. 2010-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, 50 வருடப் பதிவுகளை வைத்து இதைக் கணக்கிட்டது. இத்தனை கூட்டங்களுக்குப் பதிலாக எல்லாம் ஒரே மாதிரி இருந்திருந்தால், மீன்பிடிப்பையே மூட வேண்டிய வருடங்கள் பத்து மடங்கு அதிகமாகியிருக்கும். க்விஜாக்கில் 1990களின் கடைசியில் வரத்து சரிந்தபோது வளைகுடா தாக்குப்பிடித்ததும் பக்கத்து ஆறுகளால்தான்.

ஆக, அந்த 14 கிலோமீட்டரை நீளத்தில் அளந்தது தவறு; அங்கே முட்டையிடும் கூட்டம் எது என்று பார்த்திருக்க வேண்டும். அதோடு, அவற்றுக்கு நீரூட்டும் சின்ன ஓடைகளில் இன்னொரு 146 கிலோமீட்டரும் அழியும். அந்த 14 கிலோமீட்டர் கணக்கில் அது சேரவே இல்லை. தோண்டுவதற்கு 20 வருடம் என்று கெடு இருக்கிறது. மூடிய பிறகு குழியில் சேரும் நீரைச் சுத்திகரிப்பதற்குக் கெடுவே கிடையாது.

2010-இல் ஆறு பழங்குடிகள் சேர்ந்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு மனுக் கொடுத்தார்கள்: தூய நீர்ச் சட்டத்தின்படி இதைத் தடை செய்யுங்கள் என்று. யூப்பிக், டெனாய்னா மக்களுக்குச் சால்மன் வியாபாரம் மட்டும் இல்லை. புகையில் உலர்த்தி வைத்துக் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுவது. அவர்களோடு படகுக்காரர்களும் தூண்டில்காரர்களும் நின்றார்கள். 2020-இல் டொனால்டு டிரம்ப்பின் மகனே எதிர்த்துப் பேசினார் என்றால் பாருங்களேன்! அதற்கு முன்பே, திட்டத்தில் பங்காளியாக இருந்த ஆங்கிலோ அமெரிக்கன் என்ற சுரங்க நிறுவனம் 2013-இல் விலகியிருந்தது. ரியோ டின்டோ என்ற இன்னொரு சுரங்க நிறுவனம் 2014-இல் நார்தர்ன் டைனஸ்டியில் இருந்த தன் பங்குகளை அலாஸ்கா அறக்கட்டளைகளுக்குத் தானமாகவே கொடுத்துவிட்டது.

சுரங்கத்தை விரும்பியவர்களும் உண்டு. மளிகையும் எண்ணெயும் விமானத்தில் வந்து இறங்கும் ஊர்களில் வருடம் முழுக்கச் சம்பளம் என்பது சின்ன விஷயம் இல்லை. எதிர்ப்பாளர்கள் இதற்குச் சரியான பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

இதுபோன்ற திட்டங்களுக்கு அனுமதி தர வேண்டியது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை; 2020 நவம்பரில் அது அனுமதி மறுத்தது. 2023 ஜனவரியில் முகமை தடையே போட்டது. 2024-இல் நிறுவனம் அதை எதிர்த்து நீதிமன்றம் போனது.

(காட்சி: இலியாம்னா ஏரி. கரையில் சில வீடுகள்.)

இது பெட்ரோ பே, ஏரிக்கரையில் ஒரு குட்டி ஊர். சுரங்கத்துச் சாலை இவர்கள் நிலத்தின் வழியாகப் போவதாகத் திட்டம். 2022 டிசம்பரில், சுமார் 44,000 ஏக்கரில் சுரங்கச் சாலை வரவே முடியாதபடி பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அதற்காகத் திரட்டிக் கொடுக்கப்பட்ட தொகை சுமார் 2 கோடி டாலர். நிலம் இன்னும் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது.