பொலிகிடாயும் பிரியான் நோயும்

நேயர்களுக்கு வணக்கம்.

கன்னிவாடிச் சந்தையில் பொலிகிடாய் வாங்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார், உடல் நீளம் பார்ப்பார், விதை இரண்டும் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். எந்த நோயைத் தாங்கும் என்பது மட்டும் தடவிப் பார்த்தால் தெரியாது. அதற்கு மரபணுவைத்தான் பார்க்க வேண்டும்.

செம்மறிக்கு ஸ்கிரேப்பி என்று ஒரு மூளை நோய் வருகிறது. நம் பட்டிகளில் கேள்விப்படாத பெயர். இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தெரியும்; இந்தியாவில் இமயமலை அடிவார ஆடுகளில் கண்டதாக 1961-ல் அறிக்கை வந்தது. ஆடு வேலியில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், நடுங்கும், தள்ளாடும், கடைசியில் செத்துப்போகும். மருந்து கிடையாது. தொற்றிய பிறகு அறிகுறி தெரியவே இரண்டு முதல் ஐந்து வருடம் ஆகும்.

காரணம் பாக்டீரியாவோ வைரஸோ அல்ல. ஆட்டின் உடம்பில் இயல்பாகவே இருக்கும் ஒரு புரதம் தப்பாக மடிந்து, பக்கத்துப் புரதங்களையும் தன்னைப் போலவே மடிய வைக்கிறது. இதற்கு பிரியான் என்று 1982-ல் பெயர் வைத்த ஸ்டான்லி புரூசினருக்கு 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, மரபணு எங்கே வருகிறது? புரதம் என்பது அமினோ அமிலம் என்ற சிறு கண்ணிகள் கோத்த சங்கிலி; எந்த இடத்தில் எந்தக் கண்ணி என்பதை மரபணுதான் தீர்மானிக்கிறது. அந்தப் புரதத்தில் 136, 154, 171 என்ற எண்ணுள்ள மூன்று இடங்கள் முக்கியம். 171-ல் ஆர்ஜினின் என்ற கண்ணி இருந்தால் புரதம் எளிதில் தப்பாக மடியாது; குளுட்டமின் இருந்தால் ஆபத்து. அதோடு 136-ல் வேலினும் சேர்ந்துவிட்டால் ஆபத்து மிக அதிகம். இந்த மரபணு தாயிடமிருந்து ஒரு பங்கு, தகப்பனிடமிருந்து ஒரு பங்கு என்று குட்டிக்கு வருகிறது. கிடாயின் இரண்டு பங்கும் நல்ல வகையாக, அதாவது 171-ல் ஆர்ஜினின் தருவதாக இருந்தால், எந்தப் பெட்டையோடு சேர்ந்தாலும் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நல்ல பங்கு உறுதி. பிரிட்டனில் 2001-ல் தொடங்கிய திட்டத்தில் ரத்தப் பரிசோதனை செய்து கிடாய்களைத் தேர்ந்தெடுத்தது இந்தக் கணக்கில்தான்.

அப்படியானால் இது பரம்பரை நோயா? வெகுகாலம் அப்படி வாதிட்டவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பார்த்தபோது, மிக ஆபத்தான வகை மரபணு கொண்ட ஆடுகள் அங்கே நன்றாகவே வாழ்ந்துகொண்டிருந்தன. அங்கே தொற்று இல்லை, அவ்வளவுதான். மரபணு கதவைத் திறந்து வைக்கும். பிரியான் வெளியிலிருந்து வர வேண்டும். குட்டி போடும்போது விழும் நஞ்சுக்கொடி அதற்கு முக்கிய வழி. மண்ணிலும் பல வருடம் கிடக்கும். அதனால் மரபணுவை மட்டும் நம்பி, விசாரிக்காமல் வெளி ஆட்டைப் பட்டியில் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம் இன்னொன்று. 1998-ல் நார்வேயில் கண்ட வேறு வகை ஸ்கிரேப்பி, நல்ல வகை என்று சொன்ன ஆடுகளுக்கும் வருகிறது.

நம் செம்மறி இனங்களான மேச்சேரி ஆட்டையும் கோயம்புத்தூர் ஆட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே யாராவது பரிசோதித்து, நல்ல வகை உள்ள நாலு கிடாய்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழிக்கச் சொன்னால், அவசரப்படாதீர்கள். ரத்த உறவுக்குள்ளேயே இனம் பெருகினால் குட்டி நோஞ்சானாகும். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தின் வறட்சியைத் தாங்கும் குணமும் குறைந்துபோகலாம். கிடாய்களை ஊருக்கு ஊர் மாற்றிக்கொண்டு, நல்ல வகையைப் பல தலைமுறையில் மெல்லக் கூட்டுவதே சரியான வழி.