பழங்கடலின் வெப்பமும் உப்பும்

நேயர்களுக்கு வணக்கம். 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், அந்தமான் கடலின் மேற்பரப்பு நீர் இன்றைவிடச் சுமார் 3 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருந்தது என்று கடலியல் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதே காலத்தில் அந்தக் கடலும் வங்கக் கடலின் வடபகுதியும் இன்றைவிட உப்பு மிகுந்திருந்தன என்றும் சொல்கிறார்கள். இவ்விரு கூற்றுகளில் முதலாவதைப் பெருமளவு நம்பலாம் என்பது என் கருத்து. இரண்டாவதில், உப்பு கூடியது என்பதை ஐயமின்றி ஏற்கலாம். எவ்வளவு கூடியது என்று தரப்படும் எண்ணை மட்டும் எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். கடலடியில் படிந்த ஒரே சேற்றிலிருந்து, பெரும்பாலும் ஒரே நுண்ணுயிரியின் ஓட்டிலிருந்து பெறப்படும் இரண்டு செய்திகளில் ஒன்று உறுதியாகவும் மற்றொன்று தளர்வாகவும் இருப்பது ஏன் என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

கடலின் மேற்பரப்பில் ஃபொராமினிஃபெரா எனப்படும் ஒரு செல் உயிரிகள் மிதந்து வாழ்கின்றன. பெரும்பாலும் மணல் துகள் அளவே உள்ள இவை, கடல் நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தமக்கு ஓடு கட்டிக்கொள்கின்றன. சில வாரங்கள் வாழ்ந்து மடிந்தபின் அந்த ஓடுகள் அடித்தளத்தில் படிகின்றன. ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவில் படிவு வளர்கிறது. ஆறுகள் மண் கொண்டுவந்து கொட்டும் இடங்களில் அதைவிட வேகமாக வளரும். கப்பலிலிருந்து நீண்ட குழாயை இறக்கி அந்தப் படிவைத் தூணாக வெளியே எடுத்து, துண்டுகளாக வெட்டி, சல்லடையில் கழுவி, நுண்ணோக்கியின் கீழே ஈரத் தூரிகையின் நுனியால் குறிப்பிட்ட ஓர் இனத்தின் ஓடுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார்கள். வெப்பக் கடல்களில் இதற்குப் பெரிதும் பயன்படுவது குளோபிஜெரினாய்டிஸ் ரூபர் என்னும் இனம். அது மேற்பரப்பை ஒட்டியே வாழ்வது. விலையுயர்ந்த கருவிகள் மலிந்த இத்துறையில், முடிவின் தரம் இன்றும் அந்தத் தூரிகையைப் பிடித்திருப்பவரின் பொறுமையைப் பொறுத்தே இருக்கிறது. இரண்டு இனங்கள் கலந்துவிட்டால், இரண்டு ஆழங்களின் நீர் கலந்துவிட்டது என்று பொருள்.

அந்த ஓட்டில் வெப்பநிலை பதிந்திருக்கும் என்ற எண்ணம் அமெரிக்க வேதியியலாளர் ஹரால்டு யூரியிடமிருந்து வந்தது. ஆக்சிஜன் அணுக்களில் பெரும்பாலானவை நிறை 16 கொண்டவை. ஆயிரத்தில் சுமார் 2 அணுக்கள் நிறை 18 கொண்டவை. கார்பனேட் உருவாகும்போது அதனுள் கனமான ஆக்சிஜன் எவ்வளவு நுழைகிறது என்பது நீரின் வெப்பநிலையைப் பொறுத்தது என்று 1947-இல் வெளியான கட்டுரையில் யூரி கணக்கிட்டுக் காட்டினார். நீர் குளிர்ந்தால் ஓட்டில் கனமான ஆக்சிஜன் கூடும். ஒரு டிகிரி குளிர்ந்தால் அந்த விகிதம் ஆயிரத்தில் சுமார் 0.2 பங்கு உயரும். மிகச் சிறிய மாற்றம்தான் இது. ஆயினும், நிறை நிறமாலைமானி என்னும் கருவி அதனைவிடச் சிறிய வேறுபாட்டையும் பிரித்தறியக்கூடியது. யூரியின் சிகாகோ ஆய்வுக்குழுவில் பயின்ற செசாரே எமிலியானி, 1955-இல் ஆழ்கடல் படிவுத்தூண்களின் ஓடுகளை இம்முறையில் அளந்து, பனியுகங்கள் மீண்டும் மீண்டும் வந்து போனதைக் காட்டும் அலைகோட்டை வரைந்தார். அந்தக் கோட்டின் ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி வெப்பநிலையால் நேர்ந்தது என்றும், வெப்பமண்டலக் கடல் பனியுகத்தில் சுமார் 6 டிகிரி குளிர்ந்தது என்றும் அவர் முடிவு செய்தார்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஓட்டில் உள்ள ஆக்சிஜன் விகிதம் நீரின் வெப்பநிலையை மட்டும் பொறுத்ததன்று. அந்த நீரிலேயே கனமான ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்பதையும் பொறுத்தது. கடல் நீர் ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன் கொண்ட மூலக்கூறுகளே எளிதில் மேலெழுகின்றன. ஆகவே மழையும் ஆற்று நீரும் கடல் நீரைவிட இலேசானவை, துருவப் பனி இன்னும் இலேசானது. ஆவியாதல் மிகுந்த கடல் உப்பும் கூடிக் கனமான ஆக்சிஜனும் கூடி நிற்கும். ஆறு கலக்கும் கடல் இரண்டிலும் குறைந்து நிற்கும். அரிசியையும் பருப்பையும் ஒரே பையில் போட்டு நிறுத்து, மொத்த எடையை மட்டும் சொல்லிவிட்டு, அரிசி எவ்வளவு என்று கேட்பதைப் போன்றது யூரியின் முறை.

எமிலியானியின் விளக்கத்தை 1967-இல் மறுத்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக்கோலஸ் ஷாக்கிள்டன். அவருடைய வாதம் எளிமையானது, ஆகவே வலிமையானது. மேற்பரப்பில் மிதக்கும் இனங்களை விட்டுவிட்டு, அடித்தளத்தில் வாழும் இனங்களின் ஓடுகளை அவர் எடுத்துக்கொண்டார். ஆழ்கடல் நீர் இன்றே 2 டிகிரி அளவில்தான் இருக்கிறது. சுமார் மைனஸ் 1.9 டிகிரியில் கடல் நீர் உறைந்துவிடும். அதற்குமேல் குளிர அங்கே இடமில்லை. அப்படியிருந்தும் ஆழ்கடல் ஓடுகளில் காணப்பட்ட மாற்றம், மேற்பரப்பு ஓடுகளில் கண்ட மாற்றத்திற்குக் கிட்டத்தட்ட இணையாக இருந்தது. ஆகவே கோட்டின் பெரும்பகுதி வெப்பநிலையைக் காட்டவில்லை. நிலத்தில் குவிந்த பனிப்பாறைகள் இலேசான ஆக்சிஜனைத் தம்மிடம் பூட்டி வைத்துக்கொண்டதையே காட்டுகிறது. கடல் மட்டம் 120 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்த காலம் அது. எமிலியானி வெப்பமானி என்று கருதியது உண்மையில் பனியின் அளவுகோலாகவே பெரிதும் பயன்பட்டது. (இன்று உலகெங்கும் மலரும் நுண்பாசி இனமொன்று எமிலியானியா ஹக்ஸ்லேயி என்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது, அதே பாசி இன்னொரு வெப்பமானியைத் தந்தது என்பதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.)

வெப்பநிலையை வேறு வழியில் தனியாக அறிந்துவிட்டால், மீதி நீரின் கணக்கு. அதற்குக் கிடைத்த வழிகளில் முதன்மையானது மக்னீசியம். ஓடு கட்டும்போது கால்சியத்தின் இடத்தில் சிறிதளவு மக்னீசியமும் நுழைகிறது. நீர் ஒரு டிகிரி சூடானால் அந்த அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. அதே ஓடுகளில் ஒரு பகுதியை ஆக்சிஜனுக்கும் மறுபகுதியை மக்னீசியத்துக்கும் பயன்படுத்தலாம் என்பது பெரிய வசதி. அந்தமான் கடலின் 3 டிகிரிக் கணக்கு இவ்வழியில்தான் பெறப்பட்டது. மற்றொரு வழி, நான் குறிப்பிட்ட பாசி உருவாக்கும் அல்கினோன் என்னும் கொழுப்புப் பொருள்: 37 கரிம அணுக்கள் கொண்ட அந்த மூலக்கூறில், சூடான நீரில் 2 இரட்டைப் பிணைப்புகள் உள்ள வகை மிகுந்தும், குளிர்ந்த நீரில் 3 உள்ள வகை மிகுந்தும் காணப்படும். ஆனால் நீர் 28 டிகிரியைத் தாண்டும்போது இந்த அளவுகோல் ஏறத்தாழ முடிந்துபோகிறது. வங்கக் கடலின் மேற்பரப்பு ஆண்டின் பெரும்பகுதி அந்த எல்லையிலேயே நிற்பதால், நம்முடைய கடலுக்கு மக்னீசியமே கூடுதலாகப் பொருந்துகிறது. அதிலும் ஒரு தொல்லை உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொண்டுவரும் களிமண்ணில் மக்னீசியம் ஏராளம். ஓட்டின் அறைகளுக்குள் ஒட்டிய களிமண்ணை நீராலும் மெத்தனாலாலும் மீயொலி அதிர்வாலும் திரும்பத் திரும்பக் கழுவி அகற்றாவிட்டால், பழங்கடல் உள்ளதைவிடச் சூடாகத் தோன்றும்.

இனி உப்புக்கு வருவோம். ஒரு கிலோ கடல் நீரில் எத்தனை கிராம் உப்பு என்பதே உவர்ப்பியம். அரபிக் கடலில் அது 36 அளவில் இருக்க, வங்கக் கடலின் வட கோடியில் பருவமழைக்குப் பின் 30-க்கும் கீழே இறங்குகிறது. இந்த நன்னீர் அங்கேயே தங்குவதுமில்லை. இந்தியாவின் கிழக்குக் கரையை ஒட்டி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலப் பட்டையாகத் தெற்கே ஓடி வருகிறது. மீனவர்கள் பல இடங்களில் முகந்து கொடுத்த கடல் நீரைக் கொண்டு இந்த ஓட்டத்தைத் தெளிவாக்கிய ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. ஆகவே வங்கக் கடலின் பழைய உவர்ப்பியத்தை அறிவது என்பது பழைய தென்மேற்குப் பருவமழையை அறிவதற்கு ஏறத்தாழ ஒப்பாகும். பனியுக உச்சத்தில் வங்கக் கடலின் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே உவர்ப்பிய வேறுபாடு வெகுவாகக் குறைந்திருந்தது என்று 1980-களின் தொடக்கத்திலேயே ஆய்வுகள் காட்டின. மழை குறைந்தது, ஆறுகள் மெலிந்தன.

கணக்கு இப்படிப் போகிறது. ஓட்டின் ஆக்சிஜன் விகிதத்திலிருந்து, மக்னீசியம் தந்த வெப்பநிலையின் பங்கை நீக்கினால் கடல் நீரின் விகிதம் கிடைக்கும். அதிலிருந்து உலகப் பனியின் பங்கை நீக்க வேண்டும். பனியுக உச்சத்தில் அது ஆயிரத்தில் ஏறக்குறைய 1 பங்கு. எஞ்சியதை உவர்ப்பியமாக மாற்ற வேண்டும். வங்கக் கடலில் இன்று உவர்ப்பியம் ஓர் அலகு மாறினால் நீரின் ஆக்சிஜன் விகிதம் ஆயிரத்தில் சுமார் 0.2 பங்கு மாறுகிறது. ஒரு டிகிரி வெப்பநிலைக்கும் இதே 0.2 என்று முன்பு சொன்னேன். இவ்விரு எண்களும் ஒத்துப்போவதுதான் முழுத் தொல்லைக்கும் காரணம்: வெப்பநிலையில் ஒரு டிகிரி பிழை நேர்ந்தால், உவர்ப்பியத்தில் அப்படியே ஓர் அலகு பிழை நேரும். மக்னீசிய முறையில் ஒரு டிகிரி பிழை என்பது நல்ல ஆய்வகத்திலும் இயல்பானது. அதோடு பனியின் பங்கில் உள்ள பிழையும் சேரும். இன்றைய 0.2 என்ற தொடர்பு 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் அப்படியே இருந்தது என்பதற்கும் உறுதியில்லை. ஏனெனில் ஆற்று நீரின் ஆக்சிஜன் விகிதமே மழையின் தன்மையோடு மாறக்கூடியது. பழைய உவர்ப்பியத்தைப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வரை தந்துவிட்டுப் பிழை எல்லையைச் சொல்லாத வரைபடத்தை நான் படமாகத்தான் பார்ப்பேன், அளவாக ஏற்கமாட்டேன்.

உப்பையே நேரடியாக அளக்க முடியாதா என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு சூழலில் மட்டும் முடிந்திருக்கிறது. படிவுத் துகள்களின் இடுக்குகளில் பழைய கடல் நீரே சிக்கியிருக்கிறது. அது மெல்ல மெல்லக் கலந்து மங்கினாலும், பனியுக நீரின் சுவடு கடலடிக்குக் கீழே பல பத்து மீட்டர் ஆழத்தில் உப்பின் கூறான குளோரைடு சற்றே மிகுந்த சிறு முகடாக இன்னும் எஞ்சியிருக்கிறது. ஜெஸ் அட்கின்ஸும் அவருடைய சகாக்களும் 2002-இல் இதை அளந்து, அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென் கடலின் ஆழ்நீர் அப்போது 37-ஐத் தாண்டிய உவர்ப்பியத்தோடு இருந்தது என்று காட்டினார்கள். இன்று ஆழ்நீரில் உப்பு மிகுந்தது வட அட்லாண்டிக்; அன்று தெற்கு. எல்லா ஆழ்நீரும் உறைநிலையை ஒட்டியே இருந்த அக்காலத்தில், எந்த நீர் அடியில் தங்கும் என்பதைத் தீர்மானித்தது உப்பே. மிக அழகான அளவீடு இது. ஆனால் ஆழ்நீருக்கும் கடைசிப் பனியுகத்துக்கும் மட்டுமே பொருந்தும். மேற்பரப்பு நீர் சேற்றுக்குள் சிக்குவதில்லை.

ஆகவே மேற்பரப்புக்குச் சாட்சிகளைப் பெருக்குவதே வழி. ஆற்றுத் துகள்களில் ஒட்டிவரும் பேரியம் உப்பு நீரைத் தொட்டதும் கரைந்து, ஓடுகளில் பதிகிறது. பேரியம் கூடினால் ஆற்று நீர் கூடியது என்று கொள்ளலாம். வெப்பநிலை இதில் பெரிதாகக் குறுக்கிடுவதில்லை என்பதால், மேற்கு ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில் இது நன்கு பயன்பட்டது. வங்கக் கடலில், 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலும் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் மகாநதிப் படுகைக்கு அப்பால் துளையிட்டு எடுத்த தூண், 9 லட்சம் ஆண்டுகளின் பருவமழையைப் படிக்க உதவியது. ஸ்டீவன் கிளெமென்ஸ் தலைமையிலான குழு 2021-இல் வெளியிட்ட அந்த ஆய்வு, கடல் நீரின் ஆக்சிஜன் விகிதத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. நிலத்திலிருந்து அரித்து வந்த மண்ணைக் காட்டும் ருபீடியத்தையும், தாவர இலைகளின் மெழுகில் பதிந்த மழைநீரின் ஹைட்ரஜனையும் அருகருகே வைத்துப் பார்த்தது. வளிமண்டலத்தில் கரியமில வாயு கூடி, பனிப்பாறைகள் சுருங்கி, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியிலிருந்து ஈரப்பதம் மிகுதியாக வந்த காலங்களில் பருவமழையும் வலுத்திருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. நன்றி, வணக்கம்.