பிடி தளர்ந்தால்தான் வழி

அவையோருக்கு வணக்கம்.

மூளைக்கு மருந்து எட்டாமல் போவதற்கு ரத்த ஓட்டக் குறைவு காரணம் அல்ல. மூளையின் நுண்குழாய்களைக் கோத்து நீட்டினால் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வரும். தடை அந்தக் குழாய்களின் சுவரில் இருக்கிறது. சுவர்ச் செல்களுக்கு நடுவே கிளாடின்-5 போன்ற புரதங்கள் இடைவெளி விடாமல் இறுக்கி வைத்திருக்கின்றன. டாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்தைப் போன்ற ஒன்று செல்லுக்குள் நுழைந்துவிட்டாலும், பி-கிளைக்கோபுரதம் என்னும் பம்பு அதை ரத்தத்துக்கே திருப்பித் தள்ளிவிடும்.

இரும்புச்சத்து மட்டும் எப்படிப் போகிறது? இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தைப் பிடித்து உள்ளே எடுக்கும், சுவர்ச் செல்லின் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி வழியாக. அந்த ஏற்பியைப் பிடிக்கும் ஆன்டிபாடியை (குறிப்பிட்ட இலக்கைப் பற்றும் புரதம்) மருந்துத் துகளின் மேல் பொருத்துவதுதான் நம் உத்தி.

அந்தத் துகளாக லிப்போசோமை, அதாவது மருந்தை உள்ளே அடைத்த நுண்ணிய கொழுப்புக் குமிழை, எடுத்துக்கொள்வோம். டி.எஸ்.பி.சி. என்னும் கொழுப்பு, கொலஸ்டிரால், இவற்றுடன் மோல் கணக்கில் சுமார் 5 சதவீதம் பெக்-லிப்பிடு (பெக் என்னும் நீள்சங்கிலி ஒட்டிய கொழுப்பு). டி.எஸ்.பி.சி. சுமார் 55 டிகிரி செல்சியஸில்தான் இளகும். அதனால் லிப்போசோம்களை 100 நானோமீட்டர் துளைகள் கொண்ட வடிசவ்வில் அழுத்தும்போது 60 முதல் 65 டிகிரி வரை சூடு வேண்டும். சூடு குறைந்தால் சவ்வு அடைத்துக்கொள்ளும், துகள்களின் அளவும் தாறுமாறாகும். துகள்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைச் சொல்லும் அளவுப் பரவல் எண் 0.2-க்கு மேல் காட்டினால் அந்தத் தொகுதியை வைத்து மேலே போகாதீர்கள்.

அடுத்தது ஆன்டிபாடி. பெக் நுனியில் மாலிமைடு, ஆன்டிபாடியில் தயால் (கந்தகம் உள்ள தொகுதி); இவை இரண்டும் ஒன்றோடொன்று பிணையும். இணைக்கும் கரைசலின் பிஎச் 6.5-க்கும் 7-க்கும் இடையில் இருக்கட்டும். 7.5-ஐத் தாண்டினால் மாலிமைடு அமீன்களோடும் சேரும், நீரிலும் சிதையும். உலோகத்தைப் பிடித்து வைக்கும் ஈ.டி.டி.ஏ. சேர்க்காமல் விட்டால், உலோகச் சுவடுகளின் துணையோடு தயால்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஒன்றோடொன்று பிணைந்துவிடும். மிஞ்சிய மாலிமைடைத் தயால் உள்ள சிஸ்டீன் ஊற்றி முடக்குங்கள். இல்லையேல் உடம்பில் அது ரத்தப் புரதமான ஆல்புமினைப் பிடித்துக்கொள்ளும்.

இனிமேல்தான் எல்லோரும் இடறும் இடம். நிறைய ஆன்டிபாடி, இறுக்கமான பிடி, அப்படியென்றால் நல்ல பலன் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. இறுகப் பிடித்த துகள் சுவர்ச் செல்லின் மறுபக்கம் விடுபடுவதில்லை. செல் அதைத் தன் கழிவு சிதைக்கும் பையான லைசோசோமுக்கு அனுப்பிச் சிதைத்துவிடுகிறது. பிடிப்பைக் குறைத்த ஆன்டிபாடிகள் மூளைத் திசுவுக்குள் கூடுதலாகப் போவதை 2011-இல் எலிகளில் காட்டினார்கள். துகள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: தனித்தனியே பலவீனமான ஆன்டிபாடியே ஆனாலும், ஒரே துகளில் பல அமர்ந்தால் கூட்டுப்பிடி வலுத்துவிடும். ஆகவே ஆன்டிபாடியின் தன்மையோடு அதன் எண்ணிக்கையையும் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். செல்லுக்குள் அமிலத்தன்மை கூடும்போது அறுந்துகொள்ளும் இணைப்பானால் ஆன்டிபாடியைத் துகளோடு பிணைப்பதும் நல்ல வழி. பாதை மனிதர்களிலும் திறக்கும் என்பதில் ஐயம் வேண்டாம்: இதே ஏற்பி வழியே செல்லும் நொதி-ஆன்டிபாடி மருந்து ஒன்றுக்கு, ஹன்டர் நோய் என்னும் பரம்பரை நொதிக் குறைபாட்டுக்காக, 2021-இல் ஜப்பான் ஒப்புதல் அளித்தது. அது ஒற்றைப் புரதம். நம்முடையது அதைவிடப் பல மடங்கு பெரிய துகள்.

அளப்பதில் தயவுசெய்து கறாராக இருங்கள். துகளில் சேர்த்த ஒளிரும் சாயம் மூளையில் தெரிகிறது என்றவுடன் மருந்து சேர்ந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. முதலில் சோதனை விலங்கின் இதயம் வழியாக உப்புநீர் செலுத்தி ரத்தத்தை வெளியேற்றுங்கள். பிறகு மூளையை அரைத்து, டெக்ஸ்டிரான் கரைசலில் சுழற்றிப் பிரியுங்கள். நுண்குழாய்கள் அடியில் படியும், திசு மேலே நிற்கும். இரண்டையும் தனித்தனியே அளந்து இரண்டு எண்களையும் வெளியிடுங்கள். சாயத்தை நம்பாமல் மருந்தையே அளப்பது மேல். சாயம் லிப்போசோமை விட்டுக் கழன்று தனியே போய்விடக்கூடும்.