மழை விடுமுறையும் கொழுந்தெடுக்கும் தாயும்

நேயர்களுக்கு வணக்கம்.

தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர், குந்தா வட்டங்களில் பள்ளி வாரம் மூன்று நாளாகவோ நான்கு நாளாகவோ சுருங்கிவிடுவதுண்டு. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதைக் கண்ட மாவட்டம் இது. மண் சரியும் சாலையில் பிள்ளைகளை அனுப்பச் சொல்ல எவருக்கும் மனம் வராது என்பதால், மாவட்ட ஆட்சியர் விடுமுறை விடுவதில் எனக்குக் குறையில்லை. அந்த நாளில் பிள்ளை யார் பொறுப்பில் இருக்கும் என்பதுதான் என் கவலை.

அறிவிப்பு பல நாள்களில் விடியற்காலையில்தான் வருகிறது. அதற்குள் தேயிலைத் தோட்டத்துத் தாய் சோறு கட்டிவிட்டு, பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெயர் கொடுக்கக் கிளம்பியிருப்பார். பள்ளி மூடினாலும் கொழுந்தெடுப்பு நிற்பதில்லை. பிளாஸ்டிக் விரிப்பை இடுப்பில் இறுகச் சுற்றிக்கொண்டு அவர் மலைக்கு ஏறியாக வேண்டும், பெயர் கொடுக்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. யானையும் சிறுத்தையும் நடமாடும் இடத்தில் பிள்ளையைத் தேயிலைக் காட்டுக்குக் கூட்டிப் போகவும் முடியாது, தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டில் தனியே விடவும் முடியாது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெண் தொழிலாளர்களின் கைக்குழந்தைகளையும் சிறு குழந்தைகளையும் மனத்தில் வைத்துத்தான் காப்பகம் கேட்டது. ஏழு வயதுப் பிள்ளை அந்தக் கணக்கில் வராது. பாட்டி இல்லாத வீட்டில், பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை விடப்படும் நாளில், கல்லூரியில் படிக்கும் அக்கா வகுப்பை விட்டுவிட்டுத் தம்பிக்குக் காவல் இருக்கிறாள். அவள் இழந்த நாள் எந்த விடுமுறைக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சாப்பாட்டுக்கும் வழியில்லாமல் போகிறது. 1982இல் விரிவடைந்த சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் பள்ளிக் கதவு திறந்தால்தான் கிடைக்கும்.

விட்ட நாள்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள் கேட்கிறது. அலுவலகத்தில் ஐந்து நாள் வேலை பார்க்கும் பெற்றோர் இதைச் சுமையாகக் கருதலாம். சனிக்கிழமையும் கொழுந்தெடுக்கும் தாய்க்கு, வேடிக்கைதான், அது நிம்மதி.

ஆகவே என் கோரிக்கை சிறியது. மழையளவு தெரிந்த முந்தின நாள் மாலையிலேயே முடிவைச் சொல்ல இயன்றால் சொல்லிவிடுங்கள். லைன் வீடுகளிலிருந்து நடந்தே சேரும் தூரத்தில் உறுதியான பள்ளிக் கட்டடமோ தோட்டக் காப்பகமோ இருந்தால், பாடம் இல்லாவிட்டாலும் ஓர் அறையையும் அடுப்பையும் மாலை வரை திறந்து வையுங்கள். அன்று பணிக்கு வரும் சமையலருக்கும் ஆயாவுக்கும் தனி ஊதியம் தர வேண்டும். சரிவின் விளிம்பில் நிற்கும் கட்டடமானால் அதை மட்டும் திறக்க வேண்டாம்.